கன்பார்ம் ஆகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை

நேற்று மத்தியானம், கூட்டம் கலைந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் கடைக்குள் வந்து கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆன்ட்டி, இதை ஒரு பிரின்ட் எடுத்துக் குடுங்க. எங்க உம்மாவுக்கு பேப்பர்ல பார்த்தாதான் நம்பிக்கை."

விமான டிக்கெட். சென்னையிலிருந்து தோஹா. அங்கே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருக்கிறதாம். டிக்கெட்டின் தலையில் பச்சை நிறக் கட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல்: கன்பார்ம் ஆகிவிட்டது.

"எப்பம்மா புக் பண்ணினே?"

"இப்பதான். ஆட்டோவுல வர்றப்ப."

"கன்பார்ம் ஆக எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஓடிபி வர்ற நேரம்தான் ஆன்ட்டி."

பழக்கதோஷம் யாரை விட்டது. "ரீகன்பார்ம் பண்ணணுமே, பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். காதில் சரியாக விழாத பெரியவர்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "அப்படின்னா என்ன ஆன்ட்டி?" என்றாள். ஒன்றுமில்லை என்று சிரித்து மழுப்பிவிட்டு பிரின்டரைத் தட்டினேன். வெளியே ஆட்டோவில் அவளுடைய உம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்த உம்மா எனக்குத் தெரிந்தவர்தான். யாரென்று இப்போதே சொன்னால் கதையின் ருசி போய்விடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடைப் பலகையில் இன்னமும் டிராவல்ஸ் என்றுதான் இருக்கிறது. உள்ளே நடப்பதெல்லாம் ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் விண்ணப்பம், இப்படிக் கைப்பேசியில் வருகிறவற்றைக் காகிதத்தில் இறக்கிக் கொடுப்பது. ஆனால் நான் தொழிலுக்கு வந்த காலத்தில், இதே காரைக்காலில், ஒரு டிக்கெட் கன்பார்ம் ஆக நாலு நாள் ஆகும். ஆன பிறகும் அது ஆனதாக அர்த்தமில்லை. பயணத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னால், இன்னார் இன்ன விமானத்தில் நிச்சயமாக வருகிறார் என்று விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு மறுபடியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடத்தை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் ரீகன்பார்ம். அந்தப் போனைப் போடுவதுதான் என் வேலை.

பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் மரைக்காயர். மார்க்கெட் பக்கம் மாடியில் அவருடைய டிராவல்ஸ். ஒரு மேசை, ஒரு போன், தலையணை தடிமனில் விமானங்களின் கால அட்டவணை, சுவரில் ஆங்கில மாதமும் அரபு மாதமும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட காலண்டர். மாடிப்படி ஏறும்போதே வாசனை வந்துவிடும். பாஸ்போர்ட்டுகளை வீட்டு பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்து எடுத்து வருவார்கள் இல்லையா, அதனால் ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் அத்தரும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாசனை. டிக்கெட்டின் சிவப்புக் கார்பன் வாசனை அதற்கு மேல். சாயங்காலம் நான் வீடு திரும்பினால், திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த என் அம்மா, "என்னடி, உன் மேல ஏதோ வாடை அடிக்குது" என்பாள். சொல்வது யார் பாருங்கள்.

மரைக்காயர் ஒரு கவலைக்காரர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார். ஆனால் கன்பார்ம் என்ற சொல்லை மட்டும் அவர் தனியாக வெளியே விடவே மாட்டார். "கன்பார்ம் ஆயிடுச்சு, இன்ஷா அல்லாஹ்" என்றுதான் வரும். ஒரு முறை சென்னை ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, சார் எஸ் ஆர் நோ சொல்லுங்க என்று கேட்டபோதும், "எஸ், இன்ஷா அல்லாஹ்" என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் அதை எந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டாரோ.

எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பெருமை. என்னவோ அதை நான்தான் காரைக்காலுக்குக் கப்பலில் இறக்கிவந்த மாதிரி. உண்மையில் ஊர் முழுக்க அது எனக்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டுதான் இருந்தது. வரிச்சிக்குடிப் பக்கத்து விவசாயிகள் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள், மேட்டூரில் தண்ணீர் திறந்தது கன்பார்மா என்று. திறந்தது கன்பார்ம்தான், ஆனால் காவிரியின் கடைமடைக்கு வந்து சேருவது கன்பார்ம் இல்லை. அரசாங்க ஆபீஸ்களில் தினக்கூலிக்கு வேலை பார்த்த என் கல்லூரித் தோழிகள் ஏழெட்டுப் பேர், வேலை கன்பார்ம் ஆனதும் கல்யாணம் என்று இருந்தார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், அதற்கப்புறம் வேலை கன்பார்ம் ஆனவர்களும் உண்டு. எங்கள் ஆபீஸுக்குப் பாரிஸ் டிக்கெட்டுக்காக ஒரு சொல்தா வருவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வது. வாசலிலேயே நின்று தொப்பியைக் கழற்றி, "கொன்ஃபிர்மே, மதாம்?" என்பார். இருபத்துநாலு வயதில் மதாம் என்று கூப்பிடப்பட்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும். அவர் டிக்கெட்டை மட்டும் நான் மற்றவர்களுக்கு முன்னால் முடித்துக் கொடுப்பேன்.

என் அப்பாவுக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. கடலுக்குப் போகிறவர்கள் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். காற்றைப் பற்றிக் கேட்டால் "பார்ப்போம்", மீனைப் பற்றிக் கேட்டால் "பார்ப்போம்". அப்படிப்பட்டவர், மகள் டிராவல்ஸில் சேர்ந்த மூன்றாம் மாதம், வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வாடைக்காத்து கன்பார்ம்" என்றார். அம்மா விடவில்லை. "காத்தை விடுங்க. கொழம்புக்கு மீன் கன்பார்மா, அதைச் சொல்லுங்க." அப்பா கொஞ்சம் யோசித்து, "அது வெயிட்டிங் லிஸ்ட்டு" என்றார். அந்தச் சொல்லையும் நான்தான் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும்.

ரீகன்பார்ம் செய்ய நான் தினமும் பேசியது ஸ்டெல்லாவிடம். சென்னையில் விமானக் கம்பெனியின் ஆபீஸில் போன் எடுக்கும் பெண். நேரில் பார்த்ததே இல்லை. டிக்கெட்டின் ஆறெழுத்து எண்ணைச் சொல்லும்போது எழுத்து மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்துச் சொல்வது வழக்கம். அதற்கென்று உலகம் முழுக்க ஒரே பட்டியல் இருக்கிறதாம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் பாட்டுக்கு, "கே பார் காரைக்கால், எம் பார் மத்தி, வி பார் வஞ்சிரம்" என்று போய்க்கொண்டிருப்பேன். முதல் நாள் ஸ்டெல்லா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அவளே, "வஞ்சிரம் சொல்லிட்டீங்க, அடுத்து?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஏழு வருடம் தினமும் பேசியிருக்கிறோம். எதிரே வந்து நின்றால் அவளை எனக்கு அடையாளம் தெரியாது.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஐப்பசி மாதம். மழை பிடிக்கப் போகிற சமயம். ஒரு புதன்கிழமை மத்தியானம் மரைக்காயர் தொழுகைக்குப் போயிருந்தார். மாடிப்படியில் யாரோ ஏறுவதும் நிற்பதும் மறுபடி ஏறுவதுமாகச் சத்தம். கடைசியில் ஒரு பெண் உள்ளே வந்தாள். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். பெயர் மும்தாஜ். கணவர் ரபீக் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு. இந்த லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையில் விமானம். டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"இதை கன்பார்ம் பண்ணிட்டு வரச் சொன்னாங்க."

"வச்சிட்டுப் போங்க. நாளைக்குக் காலையில பண்ணிடுறேன்."

அவள் போகவில்லை. "பண்ணாம விட்டா என்னாகும்க்கா?"

எனக்குத் தெரிந்ததை யாராவது கேட்டால் போதும், பாடமே நடத்திவிடுவேன். எழுபத்திரண்டு மணி நேரம், வெயிட்டிங் லிஸ்ட், இடம் பறிபோவது எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். மும்தாஜ் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப பண்ணாதீங்க" என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கன்பார்ம்னு சொல்லிட்டாங்க." குரல் இறங்கிவிட்டது. "இன்னும் யாருக்கும் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது."

"நல்ல விஷயம்தானே? வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க."

"எங்கக்கா சொல்றது? வூடு நெறைய ஆளு. பயணம் சொல்லிக்க வர்றவங்க, அங்க இருக்கிற புள்ளைகளுக்குப் பொட்டலம் குடுக்க வர்றவங்க. அவங்க ஒரு பக்கம் கார்ட்டன் கட்டிக்கிட்டிருக்காங்க. போனதுக்கப்புறம் சொல்லலாம்னா, போன் எங்க வூட்டுல இல்ல. எதுத்த வூட்டுக்குத்தான் வரும். அங்க மாமியிலேர்ந்து வாண்டு வரைக்கும் எட்டுப் பேரு என் வாயையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அதுல இதைச் சொல்ல முடியுமா? ஒரு நாலு நாளு இருந்தாங்கன்னா, கூட்டம் ஓஞ்சதும் நிதானமா சொல்லிடுவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். ரேஷன் கடையில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் என்றால் என்ன, பிரிந்திருப்பது என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். டிக்கெட்டை மேசை டிராயரில், ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் வைத்து மூடினேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஸ்டெல்லாவிடம் நாலு டிக்கெட்டுகளைச் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்லவில்லை. கெடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை, ரபீக்குக்கு அடுத்த வாரம் எந்த நாளில் இடம் கேட்கலாம் என்று யோசித்தபடி அவருடைய பாஸ்போர்ட் நகலை எடுத்தேன். சவூதிக்குத் திரும்பிப் போவதற்கான அனுமதி முத்திரை அதில் இருந்தது. முழுக்க அரபி, தேதியும் அரபுக் கணக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது. எப்போதும் மரைக்காயர்தான் படித்துச் சொல்வார். சாதாரணமாகக் கேட்பதுபோல, "இது என்னைக்கு வரைக்கும் செல்லும் பாய்?" என்று நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, சுவர்க் காலண்டரில் விரலை வைத்து நகர்த்தினார்.

"திங்கக்கிழமை ராத்திரியோட முடியுது. புள்ளை ஞாயித்துக்கிழமை எறங்கிடுவான்ல, அப்புறம் என்ன."

நாலு நாள், ஒரு வாரம் என்று நான் போட்ட கணக்கெல்லாம் போச்சு. திங்கட்கிழமைக்குள் தம்மாமில் இறங்காவிட்டால் அனுமதி செல்லாது, வேலை போய்விடும். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டிய வேலை. அது மும்தாஜுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டியவள் நான். ஊரெல்லாம் சட்டம் பேசுகிற நான், அந்த ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

டிராயரைத் திறந்து டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "பாய், இதை ரீகன்பார்ம் பண்ணலை."

மரைக்காயர் நின்றபடியே இருந்தார். "ஏன்?"

"மறந்துட்டேன்."

"நீ மறக்குற புள்ளை இல்லையே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மும்தாஜ் பெயரைச் சொல்லியிருந்தால் என் பங்கு பாதியாகக் குறைந்திருக்கும். சொல்ல மனசு வரவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "ஒருத்தன் சோத்துல கை வச்சிட்டியேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை என் பக்கம் தள்ளினார்.

ஸ்டெல்லாவைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மழை வரும் முன்பே எங்கள் ஊர் லைன் படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் ரபீக்கின் பெயரை எடுத்தாயிற்று, வெயிட்டிங் லிஸ்ட்டில் முப்பது பேருக்கு மேல் என்றாள். திங்கட்கிழமை காலை விமானத்தைக் கேட்டேன். அதுவும் நிறைந்திருந்தது. "ஏன் இவ்வளவு பதட்டப்படுறீங்க, உங்க சொந்தக்காரங்களா?" என்றாள். என்ன தோன்றியதோ, மரைக்காயருக்குக் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு, நடந்ததை அப்படியே அவளிடம் சொன்னேன். "திங்கக்கிழமைக்குப் பேரைப் போட்டு வைக்கிறேன். நாளைக்குக் காலையில யாராவது கேன்சல் பண்ணினா முதல்ல உங்களுக்குத்தான். ஆனா கன்பார்ம்னு இப்ப யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் ரபீக்கே வந்து நின்றார். கையில் கார்ட்டன் கட்ட வாங்கிய நைலான் கயிற்றுச் சுருள். மரைக்காயர் கீழே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"கன்பார்ம்தானே தங்கச்சி?"

"கன்பார்ம்தாண்ணே" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல், எனக்கே தெரியவில்லை. டிக்கெட்டை நாளைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சமாளித்து அனுப்பினேன். அன்று இரவு அப்பா, "நாளைக்குக் கடலுக்குப் போறது கன்பார்ம்" என்று பேச்சை எடுத்ததும், சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டேன். இவளுக்கு என்ன வந்தது என்று அப்பா அம்மாவைக் கேட்டது காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஆபீஸைத் திறந்துவிட்டேன். எட்டரை, ஒன்பது, பத்து. இரவு பஸ்ஸுக்கு ரபீக் கிளம்ப வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டும் வேறு ஆட்கள். அவர்களிடம் நான் எரிந்து விழுந்ததற்கு இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மரைக்காயர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு மறுபடி மணி அடித்தது.

"வஞ்சிரம் மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "திங்கக்கிழமை காலை. ஒரு குடும்பமே கேன்சல். உங்க ஆளுக்கு கன்பார்ம். ஏர்போர்ட் கவுண்டர்ல தேதி மாத்தி ஸ்டிக்கர் ஒட்டிக்குடுப்பாங்க."

நான் அழுதுவிட்டேன். மரைக்காயர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அந்த ஒரு தடவை, கன்பார்ம் என்ற சொல்லே இல்லாமல் வெறும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "போ. நீயே வூட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வா. என்ன திட்டுனாலும் வாங்கிக்க" என்றார்.

ரபீக்கின் வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. நடுவில் கார்ட்டன். மேலே தம்மாம் முகவரி பெரிய பெரிய எழுத்தில். நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுச் சுற்று. கடைசி முடிச்சைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார் ரபீக். மும்தாஜ் உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் படியேறினேன். அத்தனை பேர் முன்னால் எந்த உண்மையைச் சொல்வது. "அண்ணே, நாளைக்கு இடம் இல்லாமப் போச்சு. தப்பு என்னுதுதான். திங்கக்கிழமை காலை பிளைட்டுல போட்டாச்சு. விசா அன்னைக்கு முழுக்கச் செல்லும், பாய் பார்த்துட்டாங்க. நீங்க நாளைக்கு ராத்திரி கெளம்பினாப் போதும்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

யாரோ, "அதெப்படி, கன்பார்ம்னு சொன்னீங்களாமே" என்று ஆரம்பித்தார். ரபீக் அவரைக் கவனிக்கவில்லை. "ஒரு நாளா?" என்றார்.

"ஒரு நாள்தாண்ணே."

அவர் அந்தக் கார்ட்டன் மேலேயே உட்கார்ந்தார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டால் பிள்ளைகள் சிரிக்குமே, அப்படி. பிறகு எழுந்து, அத்தனை பாடுபட்டு இறுக்கிய முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தார். "என்னப்பா பண்றே?" என்றார் அவருடைய உம்மா. "கைலி உள்ள இருக்கு உம்மா. நாளைக்குக் கட்டணும்ல" என்றார். நான் மும்தாஜைப் பார்க்காமலே படியிறங்கி வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மும்தாஜ் ஒரு தூக்குச் சட்டியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தோடு ஆபீஸுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மழை வெறித்திருந்ததாம். பயணம் சொல்லிக்க வந்தவர்கள் எல்லாம் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போய்விட்டதால் வீட்டில் ஒரு ஆள் இல்லை. சொல்லிக்கொண்டவர்கள் மறுபடி எப்படி வருவார்கள். இரண்டு பேரும் அரசலாறு கடலில் சேருகிற இடம் வரைக்கும் நடந்து போயிருக்கிறார்கள். அங்கே வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பஜ்ஜி சாப்பிடுறியான்னு கேட்டாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "நாலு தட்டு வாங்கிட்டாங்க. ரெண்டு பேருக்கு நாலு தட்டு."

மரைக்காயர் வட்டிலப்பத்தில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மறந்துட்டியா நீ" என்றார் என்னிடம். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து, ரீகன்பார்முக்கு வரும் டிக்கெட்டுகளை என்னிடம் கொடுக்கும் முன் விசா தேதியைப் பென்சிலால் மேலே எழுதிவைப்பார்.

மரைக்காயர் காலமாகி வெகுநாளாயிற்று. கடையை நான் எடுத்துக்கொண்டேன். காகித டிக்கெட் போயிற்று. ரீகன்பார்ம் வேண்டாம் என்று ஒவ்வொரு கம்பெனியாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்டெல்லா பேசிய எண்ணில் இப்போது ஒரு பதிவுக் குரல், ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்கிறது. வஞ்சிரம் என்று சொன்னால் அதற்குச் சிரிக்கத் தெரியாது.

நேற்று பிரின்ட் வெளியே வந்து விழுந்தபோது, ஆட்டோவில் இருந்த உம்மாவும் பொறுமை இழந்து உள்ளே வந்துவிட்டாள். நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். மும்தாஜ்தான். அந்தப் பெண் நஸ்ரின், அன்று வயிற்றில் இருந்தவள், அரசலாற்றங்கரையில் பஜ்ஜி வாங்கித் தந்தவரின் மூத்த மகள். மும்தாஜ் காகிதத்தை வாங்கி, பச்சைக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வர்ற வியாழக்கிழமைக்கா."

"பார்த்தேன்."

மகள் கைப்பேசியில் மூழ்கியிருந்தாள். மும்தாஜ் என் பக்கம் குனிந்து, அன்று கேட்ட அதே குரலில், அதேபோலச் சாதாரணமாகக் கேட்டாள். "இதை கன்பார்ம் பண்ணாம வச்சிருக்க முடியாதாக்கா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்தோமே தவிர, அவள் விரல் அந்தக் கட்டத்தை விட்டு நகரவில்லை.

"ரபீக் அண்ணே எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். அவர் ஊரோடு வந்து தங்கி ஐந்து வருடமாகிறது.

"அவங்களா? இவ சக்கரம் வச்ச பெட்டிக்கு கயிறு கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இப்ப யாரு உம்மா கயிறு கட்டுறான்னு இவ சத்தம் போடுறா. இன்னும் ஆறு நாளு இருக்கு. காலையிலேர்ந்து மூணு தடவை கட்டிட்டு, மூணு தடவை அவுத்துட்டாங்க."

அவர்கள் போன பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். பசியில்லை. மேசை டிராயரை இழுத்துப் பார்த்தேன். மரைக்காயரின் அதே மேசை, அதே டிராயர். உள்ளே ஸ்டேப்ளர் பின் டப்பா ஒன்று கிடந்தது. மிச்சமெல்லாம் காலி இடம். ஒரு டிக்கெட்டைத் தாராளமாக வைக்கலாம்.